சனிக்கிழமை பயிற்சி: ஆய்வகத்துக்கு அப்புறம் என்ன?

எல்லோருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் நமக்கான அடுத்த அமர்வு வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு.

ஆய்வகத்தில் செய்த கருவி மக்கள் கைக்கு எப்படிப் போகிறது? அதற்கு இந்த முறை, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் ஐஐடி மெட்ராஸ் டிடிகே மையம் போன பாதையைப் பார்க்கிறோம். எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019-இல் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்தார்கள். நாற்காலியில் மாட்டி ஓட்டும் 'நியோபோல்ட்' வண்டிக்கோ, அங்கிருந்தே பிறந்த நியோமோஷன் என்ற தொழில் நிறுவனம். தயாரிக்கும் உரிமத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பதா, நாமே நிறுவனம் தொடங்குவதா? உங்கள் கருவிக்கு எது பொருந்தும் என்று யோசித்து வாருங்கள்.

மருத்துவக் கருவி விதிகள் 2017, கருவியின் ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரையான வகைப்பாடு, இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுக்க, கருவிகளைப் பயன்படுத்தப் போகும் பயனாளர்களோடுதான். போன தடவை ஓர் அண்ணன் தன் வீட்டுக் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து சொன்னார்: 24 அங்குலம். நாம் செய்து பார்த்த மாதிரிச் சக்கர நாற்காலியின் அகலம் 26! ஆறு மாத வேலையில் யாருமே அதைக் கேட்கவில்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அதனால் மாதிரிக் கருவியைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், அரைகுறையாக இருந்தாலும் சரி. ஒரு அளவு டேப்பும். வருபவர்கள் வியாழனுக்குள் இங்கேயே பெயர் போடவும்.