முட்டியில் ஊசி போட்டு ஆட்டத்தில் இறக்காதீர்கள்: கைப்பந்து (வாலிபால்) பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட, கல்லூரி, கிளப் அணிகளின் பயிற்சியாளர்களுக்கும், மின்னொளிப் போட்டி நடத்தும் ஊர்க் குழுக்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு காலத்தில் அட்டாக்கராக, அதாவது வலைக்கு மேல் எழும்பிப் பந்தை அடிப்பவனாக, ஆடியவன். இப்போது காலை வேளைகளில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் 19 வயதுப் பையன் ஒருவன் வந்தான். "சார், சனிக்கிழமை மேட்ச். முட்டியில ஒரு ஊசி போட்டுட்டா ஆடிருவேன். யார்கிட்ட போகலாம்?" என்று கேட்டான். அந்த வயதில் நானும் இதையேதான் கேட்டேன். எனக்கு அன்று கிடைத்த பதில் அவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

முட்டியில் எது வந்தாலும் நம் ஊரில் 'ஜவ்வு' என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனுக்கு வலித்தது ஜவ்வு இல்லை. முட்டிச் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண். சில்லின் கீழ்முனையில் விரல் வைத்து அழுத்தினால் சுரீர் என்று வலிக்கும். சூடேறியதும் வலி அடங்கும், மறுநாள் படி இறங்கும்போது திரும்பி வரும். மருத்துவர்கள் இதற்கு 'ஜம்பர்ஸ் நீ' என்று பெயர் வைத்ததே குதித்து ஆடும் நம்மைப் போன்றவர்களைப் பார்த்துத்தான். நார்வேயில் உயர்மட்ட வீரர்களைப் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பந்து ஆடுபவர்களில் 100-க்கு 45 பேருக்கு இது இருந்தது. உங்கள் அணியில் 12 பேர் என்றால் எத்தனை பேர் வாய் திறக்காமல் ஆடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முற்றிய நிலையில் இதை வெறும் வீக்கம் என்று சொல்ல முடியாது. கயிற்றின் புரிகள் பிரிந்து தளர்வது போல, நாணுக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்கு குலைந்து கிடக்கும். இதற்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, அதாவது வீக்கத்தை அடக்கும் மருந்து, வலியைச் சட்டென்று அமர்த்தும், உண்மைதான். ஆனால் பிரிந்த புரியை அது முறுக்கித் தராது. நாணைப் புதுப்பிக்கும் செல்களின் வேலையையே அது மந்தமாக்குகிறது. வலி என்ற எச்சரிக்கையும் போய், நாணும் பலவீனமான நிலையில் பையன் மேலே எழும்பி அடிக்கிறான். ஊசிக்குப் பிறகு நாண் அறுந்துபோனவர்களும் உண்டு.

எனக்கு ஒரே சீசனில் மூன்று ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்குப் பின் மூன்று வாரம் எதுவுமே நடக்காதது போல ஆடினேன். மூன்றாவதற்குப் பின் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்த மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கவே கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே போனது என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை, போட்டவரும் சொல்லவில்லை. கூட்டிப் போன பயிற்சியாளர் என் மேல் பிரியம் உள்ளவர், அவருக்கும் தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை. இன்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

டென்மார்க்கில் இந்த வலி இருந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குச் சாய்பலகையில் ஒற்றைக்கால் குந்துதல், மற்றொன்றுக்கு எடையை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சி. 12 வாரத்தில் மூன்று பிரிவினருமே தேறினார்கள். அரை வருடம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்த இரு பிரிவினரும் அப்படியே நின்றார்கள். ஊசி போட்டவர்கள் மறுபடி சரிந்திருந்தார்கள். இது வெளிவந்தது 2009-இல்.

அப்புறம் பி.ஆர்.பி. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்து நாணில் செலுத்துவது. ஸ்டீராய்டு போல இது நாணைக் கெடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊசிக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைக் கட்டிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்தும் சிகிச்சையைவிட பி.ஆர்.பி. மேல் என்று 2013-இல் இத்தாலிய ஆய்வு ஒன்று சொன்னது. 2014-இல் அமெரிக்காவில் 23 பேரிடம் பார்த்தபோது பி.ஆர்.பி. போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு முதலில் சீக்கிரம் குணம் தெரிந்தது, ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2019-இல் அலெக்ஸ் ஸ்காட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 57 வீரர்களிடம் இரண்டு வகை பி.ஆர்.பி.யையும் வெறும் உப்புநீரையும் ஒப்பிட்டார்கள். எல்லோருக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். உப்புநீரைவிட பி.ஆர்.பி. மேல் என்று காட்ட முடியவில்லை. அடகு வைக்கும் முன் அந்த வீட்டாருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. 2022 ஜனவரி 1 முதல், எந்த வழியில் போட்டாலும் ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் தடை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அறிவித்துவிட்டது. முட்டியில் போட்டதும் அதில் அடக்கம். மருந்து உடலை விட்டுப் போக நாள் பிடிக்கும். மாநில அணிக்கு ஆடும் பிள்ளையை முந்தின நாள் ஊசிக்குக் கூட்டிப் போனால் அவன் மேல் தடை விழலாம். டப்பாவில் ட்ரையாம்சினலோன், மெத்தில் பிரெட்னிசலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டுதான். பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் கேட்பது இதுதான். வலி என்று வருபவனை அணியை விட்டு எடுக்காமல் 12 வாரம் கொடுங்கள். எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் ஊசியைத் தேடி ஓடுகிறார்கள். ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை ஒன்றையே நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செலக்‌ஷன் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த 12 வாரமும் குதிப்பதைக் குறைத்து, நின்றபடி சர்வீஸ், ரிசீவ், பின்வரிசை ஆட்டம் என்று பழக்குங்கள். வாரம் மூன்று நாள் பாரம் ஏற்றி மெதுவாகக் குந்தி எழச் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மேற்பார்த்தால் நல்லது. பாரத்துக்கு ஜிம்தான் வேண்டும் என்றில்லை, மணல் மூட்டையும் போதும்.

வளரும் வயதில், 12, 13-இல் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது வேறு சங்கதி. பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானே அடங்கும். அந்தக் குழந்தைகளை ஊசிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அந்தப் பையன் சனிக்கிழமை ஆடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். இப்போது நான்காவது வாரம். தச்சரிடம் சொல்லி 25 டிகிரி சாய்வில் ஒரு பலகை செய்து வைத்திருக்கிறோம். உங்கள் அணிக்கும் வேண்டுமென்றால் மைதானத்துக்கு வாருங்கள், அளவு எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
ஒரு முன்னாள் அட்டாக்கர்