பக்கவாத்தியக்காரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டெல்லி கணேஷ் சார்,

வணக்கம். நான் உங்களை ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. சென்னையில் ஒரு சிறிய நாடகக் குழுவில் பல வருடங்களாக பிராம்ப்டராக இருக்கிறேன். படுதாவின் ஓரத்தில் வசனத் தாளோடு நின்று, நடிகர் மறந்துபோகும் சொல்லை அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி எடுத்துக்கொடுப்பது என் வேலை. அந்த இடத்தில் நிற்பவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஒரு காட்சியைத் தாங்குவது பேசுகிறவர் அல்லர், கேட்டுக்கொண்டு நிற்கிறவர். அவருடைய கவனம் நழுவினால், பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் சபையில் நாற்காலிகள் அசையத் தொடங்கிவிடும்.

2024 நவம்பரில் நீங்கள் மறைந்தபோதே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர், நகைச்சுவையிலும் குணச்சித்திரத்திலும் தேர்ந்தவர் என்று அன்றைக்கு வந்த அஞ்சலிகள் எல்லாம் சொல்லின. எல்லாம் உண்மை. ஆனாலும் மனம் ஆறவில்லை. நீங்கள் பேசியதைப் பற்றித்தான் எழுதினார்களே தவிர, நீங்கள் கேட்டதைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வல்லநாட்டைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வரும். வெளிமான் சரணாலயத்துக்காகவும் தாமிரபரணிக்காகவும் அறியப்பட்ட ஊர். அங்கே 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிறந்த ஒருவர் பெயருக்கு முன்னால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் தலைநகரம் வந்து ஒட்டிக்கொண்டதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணி. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடை. பிறகு சென்னை. பாலசந்தர் உங்களுக்கு 'டெல்லி கணேஷ்' என்று பெயர் வைத்தார்.

அந்த டெல்லி மேடையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பகலெல்லாம் அலுவலகத்தில் வேறு மொழியில் பேசிவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வந்து கூடுகிற தமிழர்கள். அவர்களுக்கு நாடகம் தொழில் அல்ல. ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் பேச்சை இழந்துவிடாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. அப்படிப்பட்ட மேடையில் வளர்ந்த நடிகருக்கு ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் அருமையாகத்தான் இருக்கும். உங்கள் வாயில் எந்தச் சொல்லும் அரைகுறையாக விழுந்து நான் கேட்டதில்லை. வேகமாகப் பேசும்போதும் கடைசி எழுத்து வரைக்கும் காதில் விழும்.

விசு எழுதி, காத்தாடி ராமமூர்த்தி குழுவினர் மேடையேற்றிய 'பட்டினப் பிரவேசம்' நாடகம் பாலசந்தர் கையில் படமானபோது நீங்கள் திரைக்கு வந்தீர்கள். கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்கு வந்து சிதறிப்போகும் கதை. முப்பது வயதைத் தாண்டியபின் கிடைத்த முதல் படம். கதாநாயகனாக ஓடியாடும் வயது கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். பின்னாளில் 'எங்கம்மா மகாராணி'யில் கதாநாயகனாகவும் நடித்தீர்கள். ஆனால் தமிழ் சினிமா உங்களுக்கென்று ஒதுக்கிய நாற்காலி வேறு: அப்பா, மாமா, குமாஸ்தா, சமையல்காரர், கூடவே வருகிற நண்பர். அந்த நாற்காலியில் நீங்கள் குறைபட்டுக்கொண்டு உட்காரவில்லை என்பது ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது.

'பசி' 1979இல் வந்தது. இயக்குநர் துரை. சென்னையின் குடிசைப் பகுதி, பழைய பொருள்களைப் பொறுக்கி விற்கும் பெண், ரிக்‌ஷா இழுக்கும் தந்தை. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ரிக்‌ஷாக்காரத் தந்தை நீங்கள். அப்போது உங்களுக்கு வயது 35தான். தோளில் ஒரு சரிவு, நடையில் ஒரு இழுப்பு, பேச்சில் சென்னைத் தமிழ். திருநெல்வேலிக்காரரின் நாக்கில் அந்தத் தமிழ் வேஷம்போல ஒட்டவில்லை, உடம்போடு சேர்ந்திருந்தது. தமிழக அரசு உங்களுக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சார். 'பசி' வந்த ஆண்டில் தேசிய விருதுகளில் துணைப் பாத்திரங்களுக்கென்று ஒரு பிரிவே கிடையாது. 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அந்தப் பிரிவு தொடங்கியது. அதாவது, உங்களைப் போன்றவர்கள் செய்த வேலைக்கு அந்தப் பட்டியலில் ஒரு பெயரே இல்லாமல் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மகள் விழும்போது தாங்க ஒரு தந்தையின் முகம் இல்லையென்றால் அந்தப் படத்தின் துயரம் எங்கே போய் இறங்கியிருக்கும்?

'சிந்து பைரவி'க்கு வருகிறேன். 1985. உங்கள் வாழ்க்கையிலேயே உங்களுக்கு மிகப் பொருத்தமாக அமைந்த பாத்திரம் அதுதான் என்று நினைக்கிறேன். கர்நாடக இசைப் பாடகருக்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். பாடகர் அவரை மேடையிலிருந்து அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். சபை பாடகரைக் கொண்டாடுகிறது. ஒழுக்கத்தில் இவ்வளவு கறாரான அந்தப் பாடகர் பின்னால் தானே குடியில் விழுகிறார். அப்படி விழும்போது நமக்கு மனதில் வருவது, முதலில் எழுந்து போன மிருதங்கக்காரரின் முகம். அவமானப்பட்டவரின் முகத்தில் ஆத்திரம் வரலாம், கெஞ்சல் வரலாம். நீங்கள் வைத்தது அவை இரண்டையும்விடக் கடினமானது. தன் மேல் தவறு இருக்கிறது என்று தெரிந்தவனின் முகம் அது. அந்த எழுந்து போதலை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

பக்கவாத்தியம் என்ற சொல்லை அந்தப் படத்துக்குப் பிறகு உங்களோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன். நல்ல மிருதங்கக்காரர் பாட்டுக்கு முன்னால் போகமாட்டார், பின்தங்கவும் மாட்டார். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்கப்போகிறார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். கமல்ஹாசனோடு நீங்கள் செய்தவற்றில் பெரும்பகுதி அதுதான். 'நாயக'னில் ஐயர். இந்தி தெரியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்ப்பாளர், நிழல் மாதிரி கூட நடப்பவர். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேர்ப்பதே அந்தப் பாத்திரத்தின் வேலை. பம்பாயில் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்கும் அந்த மனிதரைப் பார்க்கும்போது, டெல்லியில் நீங்கள் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றும்.

'அபூர்வ சகோதரர்க'ளில் வில்லன்கள் நால்வரில் ஒருவராக வந்தீர்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிற மாமாவின் முகத்தில் கொடூரத்தைப் பார்த்தபோது நிஜமாகவே பயந்தேன். அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர். கிரேசி மோகனின் வசனம் தறிகெட்டு ஓடுகிற குதிரை. அதில் ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் நொடி தவறினாலும் சிரிப்பு செத்துப்போகும். சாம்பாரில் மீன் விழுந்த கல்யாண வீட்டுக் காட்சிகளில், மணி ஐயரின் மகனாக வரும் காமேஸ்வரன் தவிப்பதை நாம் பார்த்துச் சிரிக்க முடிவதற்குக் காரணம், பக்கத்தில் வேர்த்துக்கொட்டும் தந்தை அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொள்ளாததுதான். நகைச்சுவைக் காட்சியில் ஒருவர் சாகப்போகிறவரைப் போலப் பதற வேண்டும். அதை எங்கள் குழுவின் இளைஞர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததேயில்லை. உங்கள் காட்சியைப் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். 'அவ்வை சண்முகி'யையும் 'தெனாலி'யையும் நாடே அறியும். நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தது நீங்கள். மனைவியைச் சித்திரவதை செய்யும் கணவனின் பாத்திரம். முகம் ஒருவருடையது, குரல் உங்களுடையது. டப்பிங்கில் இருட்டறையில் நின்றுகொண்டு இன்னொருவருடைய உதட்டையும் மூச்சையும் பார்த்துப் பேச வேண்டும். கூர்ந்து கவனிக்கத் தெரியாதவருக்கு அந்த வேலை ஒரு நிமிடம்கூட நிற்காது.

இப்போது தொலைக்காட்சி. அஞ்சலிக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிதான் கிடைத்தது, "சின்னத்திரையிலும் நடித்தார்" என்று. எங்கள் வீட்டில் நிலைமை அப்படி இல்லை. என் அம்மாவுக்குக் கடைசிப் பத்து ஆண்டுகளில் காது கேட்கவில்லை. கருவி வாங்கிக் கொடுத்தோம், இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஆனாலும் மாலையானால் தொடர் பார்க்க உட்கார்ந்துவிடுவார். பாதிக் கதை புரியாமல் என்னிடம் கேட்பார். நீங்கள் வரும் காட்சிகளில் மட்டும் கேட்கமாட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன். "இவர் முகத்தைப் பார்த்தாலே எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிடுகிறதே" என்றார்.

தொடர் படப்பிடிப்பு நடக்கும் விதம் தெரிந்தவர்களுக்கு அம்மா சொன்னதன் கனம் புரியும். வீட்டின் கூடத்தில் ஒருவர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார். உடனே கேமரா ஒவ்வொருவர் முகமாகச் சுற்றிவரும். அந்த முகங்கள் பெரும்பாலும் தனித்தனியாக எடுக்கப்பட்டவை. அந்த வசனத்தைப் பேசிய நடிகர் அதற்குள் வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். உதவி இயக்குநர் ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் தாளைப் பார்த்து வாசிப்பார். கேமராவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, மகன் வீட்டைவிட்டுப் போகிறான் என்று கலங்க வேண்டும். நேரமோ இல்லை, அன்றைய தினத்துக்கான காட்சிகள் வரிசையில் காத்திருக்கும். பலர் இதற்காகவே அதிர்ச்சி, அழுகை, கோபம் என்று மூன்று முகங்களைத் தயாராக வைத்திருப்பார்கள். நீங்கள் அந்தப் புள்ளியில் ஒரு மனிதரை நிறுத்தி வைத்துக் கேட்டீர்கள். காது கேட்காத ஒரு கிழவிக்கு வசனம் போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய விருதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, மறைக்காமல் எழுதுகிறேன். 1994இல் கலைமாமணி விருது வந்தது, மகிழ்ச்சி. ஆனால் பிந்தைய ஆண்டுகளில் உங்களுக்கு வந்த வேடங்களில் பல உங்கள் தகுதிக்குக் கொஞ்சமும் பொருந்தாதவை. இரண்டு காட்சிக்கு ஒரு டாக்டர், ஒரு காட்சிக்கு ஒரு பெரியவர். குருமூர்த்தியைக் கொடுத்தவரை வைத்துக்கொண்டு இதையா எழுதினார்கள் என்று தியேட்டரில் பல தடவை மனம் வெந்திருக்கிறேன். அப்போதும் நீங்கள் அந்த ஒரு காட்சிக்குள் ஒரு மனிதரைக் கொண்டுவந்துவிடுவீர்கள். இணையத்தில் இளைஞர்கள் எடுத்த சிறிய படங்களில் நீங்கள் உற்சாகமாக நடித்ததைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் ஆறுதல். அவர்கள் உங்களுக்கு வேலை வைத்து எழுதியிருந்தார்கள். 2024இல் 'இந்தியன் 2' வரைக்கும் திரையில் இருந்தீர்கள், எண்பதாவது வயதைத் தொடும்போதும்.

உங்களுக்கு இறுதி மரியாதை செலுத்த விமானப்படையினர் வந்தார்கள். சீருடை அணிந்தவர்கள் உங்கள் முன்னால் நிற்கும் காட்சியைச் செய்தியில் பார்த்தபோது, எத்தனையோ வேடங்களுக்கு அடியில் அந்தப் பத்து ஆண்டுகள் அப்படியே இருந்திருக்கின்றன என்று தோன்றியது. சொன்ன நேரத்துக்கு வந்து, கொடுத்த இடத்தில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குத் துணையாக இருப்பது. அங்கே கற்றதா, வல்லநாட்டிலிருந்தே கொண்டுவந்ததா என்று உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் குழுவில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். வங்கியில் வேலை, மாலையில் ஒத்திகை. அடுத்த நாடகத்தில் அவனுக்குப் பதினோரு வரிதான் வசனம், ஆனால் நாற்பது நிமிடம் மேடையில் இருக்க வேண்டும். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிறான். போன வாரம் என்னிடம் வந்து, "பேசாத நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். 'சிந்து பைரவி'யில் அந்தக் கச்சேரிக் காட்சியை, அம்மா பார்த்ததைப் போலவே, ஒலியை நிறுத்திவிட்டு அவனுக்குப் போட்டுக் காட்டப்போகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஒரு பிராம்ப்டர்