பானட்டுக்குக் கீழே வேலை முடிந்தது

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் கட்டுகிற காரின் இன்ஜின் பகுதியை முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பது என்று இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் கடைசி கிளாம்ப்பையும் இறுக்கிவிட்டேன். உன் முழங்கால் தேறி, படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அவசரப்படாதே.

இன்ஜினைத் தூக்கி உள்ளே இறக்கியது ஒரே நாள் வேலை. அதைச் சுற்றியிருப்பதைப் பொருத்த நாலு மாதம் பிடித்தது. 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியில் கட்டுகிற வண்டி, அதனால் முன்பக்கம் ரொம்பக் குறுகல். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ரேடியேட்டர் ஹோஸ், வயரிங் எல்லாம் அந்த இடுக்கில்தான் போயாக வேண்டும். சூடேறுகிற புகைக்குழாய்ப் பக்கம் எதுவும் எட்டிப் பார்க்கக்கூடாது.

இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது பக்கவாட்டில் சாயும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் சாயாது. அதனால் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து இன்ஜினை இரண்டு பக்கமும் நெம்பிப் பார்த்தேன். மேல் ஹோஸ் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் மூலையில் போய் முட்டியது. கண்ணுக்குத் தெரியாத கூர், விரலால் தடவினால்தான் அகப்படும். அரம் போட்டு மழுக்கி, ஹோஸையும் கொஞ்சம் வெட்டிக் குறைத்தேன்.

போன மாதம் ஒரு தப்பு நடந்துவிட்டது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் போட வேண்டிய எர்த் பட்டையை (கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி அதுதான்) அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், அடியோடு மறந்துபோயிற்று. ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்க்க, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தேன். மோட்டார் முனகியது. நாலைந்து விநாடியில் கருகல் வாடை. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் கை சுட்டுவிட்டது, மேலுறை உருகி வழிந்திருந்தது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, செல்ஃப் மோட்டார் இழுக்கிற அவ்வளவு கரண்டும் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பியில் புகுந்துவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பெட்ரோல் குழாய் அந்தக் கேபிளை ஒட்டித்தான் போகிறது, டேங்க் காலியாக இருந்தது நல்லதாயிற்று.

கேபிளை மாற்றினேன். பெட்ரோல் குழாயைத் தள்ளிக் கொண்டுபோனேன். சேசிஸில் பெயின்ட்டை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, தடிமனான பட்டை போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி செல்ஃப் அடித்தபோது இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றியது, ஆயில் பிரஷர் முள்ளும் மெல்ல எழுந்து நின்றது. சேகர், நான் பூட்டிய இன்ஜினுக்குள் எண்ணெய் ஓடுகிறது!

வயருக்கு இரண்டு முனையிலும் பேர் ஒட்டு என்று அன்றைக்கே சொன்னாயே, அது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது தெரியுமா? இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலிருக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையமும் போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு வயரை அறுத்துவிடும்.

இனி கூலண்ட் ஊற்றி, உள்ளே காற்று தங்காமல் வெளியேற்ற வேண்டும். பெட்ரோலும் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நீ வராமல் சாவியைத் திருப்பப் போவதில்லை. தீயணைப்பு சிலிண்டரோடு பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காதும் உன்னிடம்தான் இருக்கிறது. முழங்கால் சரியானதும் தேதியை எழுது.

உன் அன்புள்ள,
ராஜு