ஊர் திரும்பிய பிள்ளைகளைத் தாங்கிய கைகளுக்கு

மட்டக்களப்பு, கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து துணைநின்ற அயலவர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

உகண்டாவுக்கு ஊழியத்துக்குப் போன நம் பிள்ளைகள் சுகமாய் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். அனுப்பிவைக்கக் காணிக்கை தந்தவர்களுக்கும் ஜெபித்தவர்களுக்கும் அன்றைக்கே நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல், அவர்கள் திரும்பி வந்த பிறகு உழைத்தவர்களுக்கு. வழியனுப்ப ஒரு மாலைப் பொழுது போதும். வந்தவர்களை வீட்டோடும் வேலையோடும் மறுபடி சேர்த்துவிட மாதக்கணக்கில் ஆள் வேண்டும். நீங்கள் அந்த ஆட்களாய் நின்றீர்கள். என்ன செய்தீர்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். இனி ஆள் அனுப்பப்போகிற சபைகளுக்கும் அது உதவும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் கொண்டுபோன அண்ணன்மாருக்கு முதல் நன்றி. பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க ஓடுகிற பாதை. ஒரு சாரதி போதாது, விடியப்புறம் கண் சொக்கும் என்று இரண்டாமவரையும் கூட்டிப்போனீர்கள். பிட்டும் மீன் பொரியலும் வாழையிலையில் கட்டி வந்தது. வேனுக்குள் ஒருவரும் “அங்க என்ன நடந்தது, சொல்லுங்கோ” என்று கேட்கவில்லை; நித்திரை கொள்ள விட்டீர்கள். நேரே கோயிலுக்குக் கொண்டுபோகாமல் அவரவர் வீட்டு வாசலில் இறக்கியதும் சரியான காரியம். பெற்ற தாய்க்கு முன்னால் சபை பிள்ளையைப் பார்க்கத் தேவையில்லை.

1814இல் காலியில் வந்திறங்கிய மெதடிஸ்த ஊழியர்களில் வில்லியம் ஓல்ட் நம் ஊருக்கு வந்தவர். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், நோயில் இறந்துபோனார். ஊழியரின் உடம்பைப் பார்ப்பதும் ஊழியத்தில் ஒரு பங்கு என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மலேரியா தடுப்புப் பிரிவினருக்கும், மாத்திரைக் கணக்கைப் பார்த்துக்கொண்ட தாதி அக்காவுக்கும் தனியாக நன்றி சொல்லுகிறோம்.

அங்கே எடுக்கிற மலேரியா தடுப்பு மாத்திரை ஊருக்கு வந்ததும் முடிவதில்லை. கிழமைக்கு ஒன்று எடுக்கிற மெஃப்லோகுயின் என்றாலும், தினமும் எடுக்கிற டொக்சிசைக்ளின் என்றாலும், திரும்பி வந்த பிறகு நான்கு கிழமை தொடர வேண்டும். கிருமி முதலில் ஈரலில் தங்கி, பிறகுதான் இரத்தத்துக்கு இறங்கும். இந்த மாத்திரைகள் அதைப் பிடிப்பது இரத்தத்தில்தான். “இங்க மலேரியா இல்லையே” என்று வந்த கையோடு நிறுத்துகிறவர்கள்தான் அகப்படுகிறார்கள். அக்கா மண்டபக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினார். இடது ஓரத்தில் பெயர்கள், எதிரே நான்கு ஞாயிறுக்கு நான்கு கட்டங்கள். ஆராதனை முடிந்து சாப்பாடு போட்டதும், ஒரு கோப்பைத் தண்ணீரோடு மாத்திரை உள்ளே போனதைக் கண்ணால் பார்த்துத்தான் கட்டத்தில் கோடு இழுப்பார். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், அடுத்த கிழமை தட்டிக்கழிக்கத் தோன்றும் என்பதால் அந்த ஒழுங்கு.

இன்னொன்றையும் அவர் எடுத்துச் சொன்னார். மெஃப்லோகுயின் சிலருக்குப் பயங்கரக் கனவு, பதற்றம், மனச்சோர்வு கொண்டுவரும். ஊழியத்திலிருந்து வந்தவருக்கு அப்படி வந்தால் பிசாசின் போராட்டம் என்று ஜெபத்துக்கு மட்டும் அனுப்பிவிடுவோம். ஜெபியுங்கள், அதே நாளில் டொக்டரிடமும் கூட்டிப்போங்கள், மருந்தை மாற்றித் தருவார்கள். முன்பு வலிப்போ மன அழுத்தமோ இருந்தவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது; போக முன்னரே அதைக் கேட்டு வேறு மருந்து கொடுக்க வைத்ததும் அக்காதான்.

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. ஒருவர் கிருமியோடு வந்தால் போதும். நம் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கு என்றே நினைப்போம். பிளேட்லெட் குறைவது மலேரியாவிலும் வரும். ஆகவே திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், பனடோலோடு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், “உகண்டாவில் இருந்து வந்தனான், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கோ” என்பதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். விக்டோரியா ஏரியில் குளித்தவர்களும், கரையில் கால் நனைத்தவர்களுங்கூட, பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிக்கு இரண்டு மாதம் கழித்துச் சோதிக்க வேண்டும். முதல் கிழமையில் பார்த்தால் தெரியாமல் போகும்.

கணக்கை முடித்துத் தந்த பொருளாளர் ஐயாவுக்கும் இளம் தங்கைமாருக்கும் நன்றி. உகண்டா ஷில்லிங்கை இங்கே மாற்ற இடமில்லை. மிஞ்சிய நோட்டை என்டபே விமான நிலையத்திலேயே டொலராக்கி வரச் சொல்லியிருந்தீர்கள். வெப்பத்தாள் பற்றுச்சீட்டு வெயிலில் வெளிறிவிடும் என்று அன்றன்று இரவே போட்டோ எடுத்து அனுப்ப வைத்தீர்கள். வரவு, விமானச் சீட்டு, சாப்பாடு, மருந்து, மீதி என்று ஒரே பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்டியதால் ஒருவர் வாயிலும் கேள்வி எழவில்லை. மீதிப் பணத்தை வேறு செலவுக்கு எடுக்குமுன் கொடுத்தவர்களின் சம்மதம் கேட்டது மிகப் பெரிய காரியம்.

இனி, திரும்பி வந்தவர்கள் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்க உட்கார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஒருவருக்கு ஒருவர், ஒன்றரை மணி நேரம். வந்த முதல் கிழமையில் ஒருமுறை, ஆறு கிழமையில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை. சொன்னது அந்த அறையைத் தாண்டவில்லை. இரண்டாவது சந்திப்பை விட்டுவிடுகிற சபைகள் உண்டு. அங்கேதான் பிழை நடக்கும். முதல் நாட்களில் எல்லாம் வெளிச்சமாய் இருக்கும். மூன்றாம் கிழமையில் இருந்து சோர்வு இறங்கும். கலியாண வீட்டுச் செலவைப் பார்த்துக் கோபம் வரும், கோயிலின் புதிய ஒலிபெருக்கியைப் பார்த்து மனம் கசக்கும். அதை அடங்காமை என்று கண்டிக்காமல் பொறுமையாய்க் கேட்டீர்கள். சாட்சியையும் மூன்று அளவில் ஆயத்தப்படுத்த வைத்தீர்கள்: ஆராதனைக்கு மூன்று நிமிடம், வாலிபர் கூட்டத்துக்குப் பத்து, உண்மையாய் அறிய வருகிறவருக்கு நாற்பது. அங்குள்ள பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடக்கூடாது என்பதிலும் உறுதியாய் நின்றீர்கள்.

“அடுத்தது என்ன, முழுநேர ஊழியமோ?” என்ற கேள்வியை மூன்று மாதம் தள்ளிவைத்த போதகர்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. உணர்ச்சி பொங்கி மேடையில் கொடுத்த வாக்கைப் பிறகு திரும்ப எடுக்க முடியாமல், வெட்கத்தில் சபையையே விட்டுப் போனவர்கள் உண்டு. பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியாவுக்குத் திரும்பி, சபையைக் கூட்டி, தேவன் செய்தவைகளை அறிவித்து, சீஷரோடு நெடுநாள் தங்கினார்கள் என்று அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த நெடுநாளை நம் பிள்ளைகளுக்கும் கொடுத்தீர்கள்.

பிறகு ஒவ்வொருவரோடும் இருந்து, கடதாசியில் எழுத வைத்தீர்கள். அடகில் உள்ள நகை எவ்வளவு, மீட்க வேண்டிய திகதி எது. சீட்டுக் காசு எத்தனை மாதம் பாக்கி. சம்பளமற்ற விடுமுறை எப்போது முடிகிறது. அப்பா அம்மாவின் சுகம் எப்படி. கடனோடு ஊழியத்துக்கு இறங்குகிறவர் பாதி வழியில் திரும்புவார், அந்தக் கடனை வீட்டில் இருக்கிற தங்கச்சி சுமப்பாள். அடுத்து, யாரும் சொல்லாமலே அங்கே எந்த வேலைக்கு அவர் ஓடினார் என்று கூடப் போனவர்களிடம் கேட்டீர்கள். பிரசங்கத்துக்கு ஆசைப்பட்டவர் நாள் முழுக்கத் தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தது அப்படித்தான் தெரியவந்தது.

இறையியல் படிக்க விரும்புகிறவரை, விண்ணப்பம் போடுமுன், 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவை இலங்கை இறையியற் கல்லூரிக்கு அனுப்பி, தமிழில் படிக்கிற மாணவர்களோடு கதைக்க வைத்தீர்கள். திரும்ப உகண்டா போக நினைப்பவரிடம், அங்குள்ள சபை தானாக எழுதிக் கேட்ட கடிதம் வரட்டும், அந்த ஊர்ப் பாஷை படிக்க ஒரு வருடமாவது ஒதுக்கட்டும் என்றீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஞாயிறு பாடசாலைக்கும் மாலை வகுப்புக்கும் ஆள் இல்லாத கிராமங்களைக் காட்டினீர்கள். பழைய வேலைக்கே போவேன் என்றவரைப் பின்வாங்கினவர் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவருடைய இடத்தை நிரப்பாமல் வைத்திருந்த காத்தான்குடிக் கடை முதலாளிக்கும், இன்னொருவரின் மாடுகளை இத்தனை நாளும் பார்த்து, பால் காசைக் கணக்கோடு கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி.

மாத்திரைத் தாள், கணக்குப் பக்கம், மூன்று சந்திப்புகளின் கேள்விகள் ஆகியவற்றின் பிரதிகள் எங்களிடம் இருக்கின்றன. வேண்டிய சபைகள் ஆராதனை முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது சந்திப்பு இன்னும் சிலருக்கு மீதி இருப்பதால், கேட்க இருக்கிற ஆசிரியர்கள் தயவுசெய்து அந்தச் சனிக்கிழமைகளை வேறு வேலைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

கர்த்தருக்குள் அன்புடன்,
பயணத்துக்குத் துணைநின்ற சபைகளின் இணைப்பாளர்கள்,
மட்டக்களப்பு.