ஆல்ஃபிரிஸ்டன் வீட்டைப் போய்ப் பாரு பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா? இங்கிலாந்துல, பிரைட்டன்ல இருந்துக்கிட்டு நீ இன்னும் ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்துக்குப் போகலன்னு அம்மா சொன்னா, ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளை பக்கத்துல இருக்கிற அந்தப் பாதிரியார் வீட்டைப் பாக்காம இருந்தா எப்படி? போன தடவை நாங்க வந்தப்போ உனக்கு எக்ஸாம், அதனால நானும் அம்மாவும் மட்டும் போனோம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல கட்டட சைட்ல நின்னவன், சொல்றேன் கேளு.

14ஆம் நூற்றாண்டு வீடு அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சுக்குப் பக்கத்துலயே சின்னதா நிக்குது. நீ உடனே உள்ள போயிடாத, வெளியவே நின்னு கூரையைப் பாரு. நடுவுல ஹால், ரெண்டு பக்கமும் மாடி வச்ச ரூம், மாடி முன்னாடி நீட்டிக்கிட்டு வரும், ஹால் சுவர் மட்டும் உள்வாங்கி இருக்கும். ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரே கூரைதான்! அப்போ ஹாலுக்கு முன்னாடி அந்தரத்துல நிக்கிற இறவாரத்தை எது தாங்குதுன்னு கேக்குறியா, வளைஞ்ச ஓக் கட்டைங்கதான் ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்குது. இந்த அமைப்பைத்தான் வீல்டன் வீடுன்னு புக்ல படிச்சிருப்ப, ஆனா பிளான்ல பாத்தா இதெல்லாம் புரியாதும்மா.

ஹால்ல மேல சீலிங் கிடையாது, நேரா கைமரம் வரைக்கும் திறந்து கிடக்கும். அந்தக் காலத்துல இந்த மாதிரி வீட்டுல சிம்னி ஏது, ஹால் நடுத்தரையிலதான் தீ மூட்டுவாங்க, புகை போறதுக்குத்தான் அவ்வளவு உயரம். சுவர்ல மரச்சட்டத்துக்கு நடுவுல குச்சி பின்னி மண்ணு பூசியிருக்காங்க. கீழ தரையைக் கட்டாயம் பாரு, சாக்பீஸ் மாதிரி வெள்ளையா இருக்கிற சாக் கல்லை இடிச்சுப் போட்டு, புளிச்ச பாலை ஊத்தி இறுக்கியிருக்காங்க! நான் குனிஞ்சு தடவிப் பாத்தேன், என்னா கெட்டி!

இதை இடிக்கிறதா இருந்தாங்கன்னு நினைச்சாலே மனசு பதறுது. ஊர்ப் பாதிரியார் பெய்னன்தான் விடாம அலைஞ்சு காப்பாத்தினாரு. 1896ல, பழைய இடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வெறும் 10 பவுண்டுக்கு வாங்குச்சு, அவங்க வாங்கின முதல் கட்டடமே இதுதான். டிரஸ்ட்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஆக்டேவியா ஹில் அம்மா பணம் திரட்ட, ஆல்ஃபிரட் பவெல்னு ஒரு ஆர்க்கிடெக்ட் ரிப்பேர் பண்ணாரு. பழைய கட்டடம்னாலே இடிச்சுத் தள்ளச் சொல்றவங்களை நான் சைட்ல நிறைய பாத்துட்டேன், நீ அப்படி ஆகிடக் கூடாது.

ஹால் உத்தரத்து மூலையில ஒரு ஓக் இலை செதுக்கியிருக்கும், டிரஸ்ட்டோட சின்னமே அதுல இருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க, தேடிப் பாரு. எந்தெந்த நாள் திறந்திருக்கும்னு முன்னாடியே பாத்துட்டுப் போ. அந்த வளைஞ்ச கட்டை தூண்ல சேர்ற இடத்தைக் கையால ஸ்கெட்ச் போட்டு அனுப்பு, போட்டோ வேணாம்.

அப்பா