வாபூம்: புரோட்டியாவில் ஒரு வண்டி மரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்கத் தாவரங்கள் பற்றிய கட்டுரையில், புரோட்டியா பூங்கொத்துக்கான புதர், மரவேலைக்கு உதவாது என்று இருந்தது. அந்நாட்டின் தேசிய மலரான கிங் புரோட்டியாவுக்கு அது பொருந்தும். கேப் மலைச்சரிவுகளில் வளரும் புரோட்டியா நிட்டிடாவுக்குப் பொருந்தாது. அது பெரும்பாலும் 5 மீட்டர், நல்ல இடம் வாய்த்தால் 10 மீட்டர் உயரும் மரம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு 'வாபூம்' என்று பெயர். 'வா' என்றால் வண்டி, 'பூம்' என்றால் மரம். கட்டுரையில் உள்ளபடி 'வபூம்' என்று குறிலாக எழுதினால் வண்டி தொலைந்துபோகும்.

அதற்காக முழு வண்டியையும் இந்த மரத்தில் செய்தார்கள் என்று நினைக்கக் கூடாது. இது போனது சக்கரத்தின் வெளிவிளிம்பான வட்டைக்கும் பிரேக் கட்டைக்கும்தான். வட்டை என்பது ஒரே வளையம் அல்ல. வளைவாகச் செதுக்கிய குட்டைத் துண்டுகளின் கோவை, துண்டுக்கு வழக்கமாக இரண்டு ஆரக்கால். நீளப் பலகை தேவையில்லாததால் கோணல் அடிமரமே போதும். ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் மிஞ்சிய மரத்தில் இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றினால், தென்னாப்பிரிக்காவின் கரூ போன்ற வறண்ட நிலத்தில் வட்டை சுருங்கி, பட்டை ஆட்டம் கண்டு, கடைசியில் கழன்றுவிடும்.

வாபூம் கட்டை செந்நிறம், கெட்டி. மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் கதிர்கள் அகலமானவை. அடிமரத்தை ஆரத்தின் போக்கில் அறுத்தால் பலகையில் வலைபோல் பூவேலை தெரியும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் பலகையை இழைத்தவர்களுக்கு இந்தப் பூ புதிதல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரமும் இதே புரோட்டியேசி குடும்பம்தான். இப்படிப்பட்ட கட்டையை வெயிலில் அவசரமாக உலர்த்தினால் கதிர் வழியே வெடிக்கும். நிழலில், காற்று புக இடைக்கட்டை வைத்து அடுக்க வேண்டும்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று மரத்தின் பட்டை. தடித்த சாம்பல் நிறப் பட்டை காட்டுத்தீயைத் தாங்கும். புரோட்டியாக்களில் பெரும்பாலானவை தீயில் செத்து விதையிலிருந்து மீள, வாபூம் கருகிய அடிமரத்திலேயே மறுபடி துளிர்க்கும். அதே பட்டைதான் தோல் பதனிடவும் போனது. இலையைத் துருப்பிடித்த ஆணி, கற்கண்டோடு ஊறவைத்தால் எழுதும் கறுப்பு மை. இலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய் மையும் அப்படித்தான்.

'வபூம்' என்று அச்சான பெயரையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்