சுரங்க எலக்ட்ரீசியனுக்கு ஆண்டுதோறும் தேர்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுரங்க விபத்துகள் குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மேற்கூரை சரிவதைப் பற்றியும் வெள்ளம் புகுவதைப் பற்றியும் விரிவாகப் பேசியது. மின்சாரத்துக்கு அதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. வட மாநிலங்களில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களின் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியில் விடுபட்டதை எழுதுகிறேன். சுரங்கத்துக்குள் மின்கருவியைத் திறந்து வேலை பார்ப்பவரின் தகுதியை நாம் ஒருமுறை சோதிக்கிறோம். அதன்பின் அவர் பணிக்காலம் முழுவதும் அதைச் சோதிப்பதே இல்லை.

நம்மிடம் சட்டமோ அமைப்போ இல்லாமல் இல்லை. தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகத்தில் மின்துறைக்கென்றே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மாநில மின் உரிமம் வழங்கும் வாரியங்கள் சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ் வழங்குகின்றன. சுரங்க மாநிலங்களில் அதில் சுரங்கத்துக்கென்று தனிப் பிரிவும் உண்டு. ஆனால் சான்றிதழைப் புதுப்பிப்பது என்பது நடைமுறையில் விண்ணப்பமும் கட்டணமுமாகவே இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் புத்தாக்கப் பயிற்சி வேண்டும் என்கின்றன, அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. கருவிகளும், பழுது நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களும் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் ஐந்து ஆண்டு என்பது மிக நீண்ட இடைவெளி.

சுரங்க மின்வேலை வெளியுலக மின்வேலையிலிருந்து எப்படி மாறுபடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும், 1.25 சதவீதத்தைத் தாண்டினாலே அந்தப் பகுதியின் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வாயு மிகுந்த அடுக்குகளில் ஃபிளேம்புரூஃப் எனப்படும் கனத்த இரும்புப் பெட்டிக்குள்தான் ஸ்விட்ச்கள் இருக்கும். அந்தப் பெட்டி வாயுவை உள்ளே விடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உள்ளிருக்கும் கருவி சூடேறி ஆறும்போதெல்லாம் மூடியின் விளிம்பு வழியாகக் காற்று போய்வரும், அதோடு மீத்தேனும் வரும். மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் பிரியும்போது எழும் பொறியால் பெட்டிக்குள் வெடிப்பு நேரலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதை வடிவமைக்கிறார்கள். உள்ளே பிறந்த தீ, மூடிக்கும் பெட்டிக்கும் இடையே வழவழப்பாகக் கடைந்த குறுகிய சந்து வழியாக வெளியேறும்போது குளிர்ந்து அணைந்துவிட வேண்டும். பாதுகாப்பு முழுவதும் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டு அளவியைச் செருகித்தான் அளப்போம். ஒரு போல்ட் விடுபட்டாலும், விளிம்பில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தாலும் அந்தப் பெட்டி வெறும் இரும்புதான்.

நான் வேலை பார்த்த ஒரு சுரங்கத்தில், ஒப்பந்தக்காரர் மூலம் வந்த இளைஞர் ஒருவர் இப்படிப்பட்ட பெட்டியின் மூடிக்கு அடியில் ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்து போல்ட்டுகளை முடுக்கியிருந்தார். தூசி புகுந்து கான்டாக்ட் கெடுகிறதே என்ற அக்கறையில் செய்த வேலை அது. கட்டட வயரிங்கில் கைதேர்ந்தவர். ஈரமும் தூசியும் புகாமல் பெட்டியை மூடுவது அங்கே நல்ல வேலைக்கு அடையாளம். சுரங்கத்துக்குள் அதே ரப்பர் அந்தக் குறுகிய இடைவெளியை அகலப்படுத்தித் தீக்கு வழிவிட்டுவிடும். வாராந்திரச் சோதனையில் அது கண்ணில் பட்டதால் எதுவும் நேரவில்லை. அவரிடம் இருந்த மின்கம்பியாளர் சான்றிதழ் போலியானதல்ல, காலாவதியாகவும் இல்லை. அந்தச் சான்றிதழ் சுரங்கத்தைப் பற்றி அவரிடம் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கீழே அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் அமெரிக்கா கடைப்பிடிக்கும் முறையை நாம் கவனிக்க வேண்டும். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்தபின், மறு ஆண்டே அங்கு நிலக்கரிச் சுரங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி வந்த விதிகளின்படி, நிலத்தடிச் சுரங்கத்தில் மின்வேலைக்குத் தகுதி பெற ஒருவருக்கு ஓராண்டு மின்பணி அனுபவம் வேண்டும்; ஐந்து எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம், மின்கருவிகளும் சுற்றுகளும், வாயு உள்ள இடத்தில் அனுமதிக்கத்தக்க கருவிகள், சட்டவிதிகள் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியே 80 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் 95 வாங்கி மற்றொன்றில் 60 வாங்கினால் போதாது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கீகரிக்கப்பட்ட மறுபயிற்சியை ஆண்டுதோறும் முடித்ததாகச் சான்றளித்தால்தான் அந்தத் தகுதி நீடிக்கும்.

தேர்வு மட்டும் போதாது என்பதற்கும் அதே மாநிலம் சாட்சி. 2010 ஏப்ரலில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்க வெடிப்பில் 29 பேர் இறந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன், நிலக்கரி வெட்டும் எந்திரம் ஒன்றின் மீத்தேன் உணரியைச் செயலிழக்கச் செய்யும்படி எலக்ட்ரீசியனுக்கு உத்தரவிட்டதை, அச்சுரங்கத்தின் அதிகாரி ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெடிப்புக்கு அச்செயல்தான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. ஆனாலும் உற்பத்தி நிற்கக் கூடாது என்பதற்காக ரிலேயை ‘பைபாஸ்’ பண்ணச் சொல்லும் குரல் நம் சுரங்கங்களுக்கும் புதிதல்ல. மின்கசிவை உணரும் எர்த் லீக்கேஜ் ரிலே அடிக்கடி டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்தால், கேபிளில் பழுது எங்கே என்று தேடுவதற்கு ஒரு ஷிஃப்ட் போய்விடும். ரிலேயைக் கழற்றிவிட ஐந்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் ‘முடியாது’ என்று சொல்பவருக்குச் சட்டத்தின் துணை எழுத்தில் இருக்க வேண்டும். மறுத்ததற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் இதெல்லாம் நமக்குப் பொருந்தாது என்று சிலர் எண்ணலாம். அங்கே மீத்தேன் அச்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் மின்பம்புகள் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கு வெட்டவே முடியும். பிரம்மாண்டமான சக்கர வாளி எந்திரங்கள் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் கிடக்கும் கேபிளைக் கையாள்பவருக்கு, மின்சாரத்தை நிறுத்தி வேலைக்கு அனுமதி தரும் எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல் தொடக் கூடாது என்பது மட்டுமல்ல, எல்.சி. வாங்கியபின்னும் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகே தொட வேண்டும் என்பதும் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை எழுத்துத் தேர்வில் மட்டும் கண்டுபிடித்துவிட முடியாது. கருவியின் முன் நிறுத்திச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

எனவே ஒன்றிய தொழிலாளர் அமைச்சகமும் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகமும், சுரங்க மின்பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வுடன் கூடிய மறுபயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்ற வேறுபாடு இதில் கூடாது. எந்த வகைக் கருவியைத் திறக்க அவருக்குத் தகுதி உண்டு என்பது அவரது அடையாள அட்டையிலேயே அச்சிடப்பட வேண்டும். தேர்வை அவரவர் தாய்மொழியில் நடத்த வேண்டும். நெய்வேலியில் என்றால் தமிழில். பயிற்சி நாட்களுக்கு முழுச் சம்பளத்தையும் நிர்வாகமே தர வேண்டும். இல்லையென்றால், தினக்கூலிக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர் அந்த வாசலையே மிதிக்கமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க மின்பிரிவு ஃபோர்மன்,
விருத்தாசலம்.